அடங்கலில் கேழ்வரகு, நிலத்தில் மா

ஏதாவது ஒரு கிராமத்து அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டை, கையில் வைத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். சர்வே எண்ணுக்கு நேரே கேழ்வரகு என்று எழுதியிருக்கும். அங்கே மாங்கன்று நட்டு நாலு வருஷம் ஆகி, பூவெடுக்கத் தயாராக நிற்கும். யாரோ பொய் எழுதினார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு கிராமப் பொறுப்பு இருந்திருக்கலாம், பயிராய்வுக்குப் போக நேரமில்லாமல் போன பசலியின் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டின்) பதிவையே இந்தப் பசலிக்கும் எழுதியிருக்கலாம். பயிர்க்கடனுக்குக் கேழ்வரகுக்குத்தான் சான்று வேண்டும் என்று விவசாயியே கேட்டிருக்கலாம். வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நெருங்கும்போது கணக்கை முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து அவசரப்படுத்தியிருக்கலாம். இந்த நாலில் எது நடந்தது என்று கண்டுபிடித்தால், அந்த அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

பொது நிர்வாகம் படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வட கொரியா, எரித்திரியா, துர்க்மெனிஸ்தான் மாதிரி எதையும் வெளியே சொல்லாத நாடுகளின் நிர்வாகத்தை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது, அதெல்லாம் வெறும் ஊகம்தானே என்று கேட்கிறார்கள். ஊகமில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அடங்கலையும் நிலத்தையும் ஒப்பிடுகிற அதே முறைதான், இன்னும் கொஞ்சம் பொறுமையோடு. எவ்வளவு ரகசியமான அரசும் சாப்பாடு பங்கிட வேண்டும், படைக்கு ஆள் எடுக்க வேண்டும், அதிகாரியை மாற்ற வேண்டும். இதில் எதைச் செய்யவும் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு நகல் வேண்டும், நகல் மேலே போக வேண்டும். எடுத்த முடிவை ஒளித்து வைக்கலாம். அதைச் செய்து முடிக்கத் தேவையான ஆயிரம் எழுத்தர்களின் வேலையை முழுக்க ஒளிக்க முடியாது.

இந்த மண்ணே அப்படிப் படிக்கப்பட்ட மண்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது தர்மபுரியைச் சுற்றிய இந்தப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே மன்றோ, மக்லியோட், கிரஹாம் ஆகியோரும் பொறுப்பேற்றார்கள். மன்றோ தர்மபுரியில் இருந்தார். அவர்களுக்குக் கிடைத்தது கிராமக் கணக்கரான கர்ணம் எழுதிய கணக்கு. எந்த நிலம் கணக்கில் இல்லை என்பதும் அதே கர்ணத்துக்குத்தான் தெரியும். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்தார்கள், ரயத்துகளை, அதாவது பயிரிடுபவர்களை, நேரில் கேட்டார்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பயிரிடுபவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த வேலையில்தான். அவர்கள் வந்தது வரி வசூலிக்க, அந்த நோக்கத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் உள்ளே யார் என்ன மறைக்கிறார்கள் என்று தெரியாத ஒரு நிர்வாகத்தை வெளி ஆள் எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் வேண்டாம்.

மூடிய நாடு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே மாதிரி மூடியிருப்பதில்லை. எரித்திரியா தன் பட்ஜெட்டையே வெளியிடுவதில்லை. 1997இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சாசனம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வட கொரியா 1960களிலிருந்தே முறையான புள்ளிவிவரம் தருவதை நிறுத்திவிட்டது. துர்க்மெனிஸ்தான் எண் தரும், நம்ப முடியாத எண்ணாகத் தரும்: கொரோனா காலம் முழுக்க ஒரு தொற்றுகூட இல்லை என்றது. சீனா எண்களைக் கொட்டும், சங்கடமான எண் வந்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தும். 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்தது. ஆகஸ்ட்டில் அந்த வரிசையையே நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்த புதிய கணக்கோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த வகைகளைப் பிரித்துக்கொள்ளாமல் படிக்க ஆரம்பித்தால் வழி தவறும். எண்ணே இல்லாத இடத்தில் பக்கத்து நாட்டு எண்ணைத் தேட வேண்டும். எண் நிறைய இருக்கும் இடத்தில் எது காணாமல் போனது என்று தேட வேண்டும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் ஆணையம். மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனியாக ஒன்று போட்டது. பதில் தாமதமாகலாம், பாதி வரலாம், ஆனாலும் கேட்பது குற்றமில்லை. மூடிய நாட்டில் கேட்பதே குற்றம், அதனால் பதிலைச் சுற்றுவழியில்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அமைப்புப் படம் ஒன்று வரையுங்கள். பெட்டி போட்டுக் கோடு இழுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இவரை நியமிப்பது யார், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து, தணிக்கை செய்வது யார், மாற்றல் போடுவது யார். நம் மாவட்டத்தில் கலெக்டர், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்), கோட்டாட்சியர், தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று ஒரே ஏணியில் ஏறிவிடலாம். கட்சி ஆளும் நாடுகளில் பக்கத்தில் இன்னொரு ஏணி நிற்கும். சோவியத் யூனியனில் அதற்கு நோமன்கிளாத்துரா என்று பெயர். எந்தெந்தப் பதவிக்கு எந்தக் கட்சிக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற பட்டியல் அது. தொழிற்சாலை மேலாளர், பத்திரிகை ஆசிரியர் எல்லாரும் அதில் வருவார்கள். வட கொரியாவில் அந்த வேலையைச் செய்வது தொழிலாளர் கட்சியின் அமைப்பு வழிகாட்டுத் துறை. அமைச்சரின் பெயர் எல்லாருக்கும் தெரியும், அவரை உட்காரவைத்த துறையின் பெயர் அபூர்வமாகத்தான் செய்தியில் வரும். சீனாவில் மாநகரத் தலைவருக்கு மேலே கட்சிச் செயலாளர். ஆணையில் கையெழுத்து யாருடையது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் படம் தலைகீழாகிவிடும்.

கோப்பு எண்ணையும் கவனியுங்கள். நம் ஊர்க் கடிதத்தில் ந.க. எண்ணைப் பார்த்தாலே எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று அலுவலகக்காரர் சொல்லிவிடுவார். அரசாணையில் நிலை எண், நாள், துறை இருக்கும். சீனாவில் கட்சியும் அரசும் வெளியிடும் சிவப்புத் தலைப்பு ஆவணங்களுக்கும் வெளியிட்ட அமைப்பின் சுருக்கம், ஆண்டு, வரிசை எண் உண்டு. ஒரு வருஷத்தில் 40 வரை எண் போயிருக்கிறது, வெளியே வந்தது 25 என்றால், 15 ஆவணம் உள்ளேயே இருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, எந்த மாதத்தில் அதிகம் மறைக்கப்பட்டது என்று தெரியும்.

அடுத்து ஏணியின் கடைசிப் படிக்கு இறங்குங்கள். மேல்படியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், விஷயம் இருப்பது கீழே. வட கொரியாவின் கடைசிப் படி இன்மின்பான். 20 முதல் 40 குடும்பம் சேர்ந்த ஒரு அண்டைவீட்டுக் குழு அது. அதன் தலைவி பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண். யார் வீட்டில் எத்தனை கரண்டி, எத்தனை சாப்பாட்டுக் குச்சி என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். வெளியூர் விருந்தாளி இரவு தங்கினால் அவரிடம் பதிய வேண்டும். பயண அனுமதிச் சீட்டையும் காட்ட வேண்டும். நடு ராத்திரியில் போலீஸோடு வந்து கதவைத் தட்டித் தலை எண்ணுவது உண்டு. ஜனவரியானால் வயலுக்கு எரு சேர்த்துத் தர ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு வைப்பார்கள், மனிதக் கழிவு உட்பட. அதை வசூலிப்பதும் இவர் பொறுப்பு. இந்த ஒரு ஆளைப் புரிந்துகொண்டால் மூன்று விஷயம் சேர்ந்து புரிகிறது. கண்காணிப்புக்கு அந்த அரசு சம்பளம் கொடுத்து ஆள் போடவில்லை, பக்கத்து வீட்டையே போட்டிருக்கிறது. உரத்துக்குத் தட்டுப்பாடு இருக்கிறது, இல்லாவிட்டால் வீட்டுவீட்டுக்கு எரு கேட்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் சின்ன அன்பளிப்புக்குக் கண்டும் காணாமல் இருக்கவும் அவரால் முடியும். சந்தை வியாபாரம் அங்கே பெருகியது இப்படிப்பட்ட இடுக்குகளின் வழியாகத்தான்.

மியான்மரிலும் இது உண்டு. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி என்பதால் அதன் நிர்வாக எலும்புக்கூடு நமக்குப் பழகியது. டவுன்ஷிப் நிர்வாகி ஏறத்தாழ நம் தாசில்தார் மாதிரி. இரவு விருந்தாளியை வார்டு நிர்வாகியிடம் பதிய வேண்டும் என்ற விதி 2012 சட்டத்தில் இருந்தது, 2016இல் எடுக்கப்பட்டது, 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சி முடிந்த இரண்டே வாரத்துக்குள் திரும்ப வந்தது. ஆட்சியைப் பிடித்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் கைவைத்த விதி எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பயம் எதன் மேல் என்று அறிக்கைகளைவிடத் தெளிவாக அது காட்டுகிறது.

ரேஷன் இன்னொரு திறப்பு. தர்மபுரி ரேஷன் கடையில் 2023இல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. நீலகிரியோடு சேர்த்து இந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கேழ்வரகு விளைவதும் தின்பதும் இங்கே என்பதை அந்த ஒரு முடிவிலிருந்தே வெளியூர்க்காரர் ஊகித்துவிடலாம். வட கொரிய ரேஷனையும் அப்படிப் படியுங்கள். சாதாரணத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் தானியம், கடின வேலைக்காரருக்கு 900, வயதானவருக்கு 300. 15 நாளைக்கு ஒருமுறை பங்கீடு. 1973இல் போர்க்கால இருப்புக்காக என்று பிடித்தம் போட்டார்கள், 700 என்பது 608 ஆனது. 1987இல் இன்னொரு 10 சதவீதம் பிடித்து 547 ஆனது. 1991இல் இரண்டு வேளை சாப்பிடுவோம் என்ற பிரச்சாரம். பெரும் பஞ்சம் வந்தது 1990களின் நடுவில். அந்த கிராம் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால் பஞ்சம் 20 வருஷமாக நடந்து வந்துகொண்டிருந்தது தெரியும். விளைச்சல் எவ்வளவு என்று அந்த அரசு ஒருபோதும் சொல்லவில்லை, பிடித்தம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டியிருந்தது.

இனி எண்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் காணாமல் போன ஆண்கள். 1989இல் வட கொரியா, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உதவி கேட்டு, தன்னிடமிருந்த பதிவு எண்ணிக்கைகளை ஐ.நா. மக்கள்தொகை நிதியத்திடம் கொடுத்தது. நிக்கோலஸ் எபர்ஸ்டாட், ஜூடித் பானிஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். 1970களின் நடுவில் ஆண்களின் எண்ணிக்கை திடீரென்று சரிந்திருந்தது, பெண்களின் எண்ணிக்கை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. எந்த நாட்டிலும் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும், வயது ஏற ஏற அது எப்படிக் குறையும் என்பதற்கு அட்டவணை உண்டு. அந்த அட்டவணைப்படி இருக்க வேண்டிய ஆண்களைக் கணக்கிட்டு, கொடுத்த எண்ணைக் கழித்தார்கள். இளம் வயது ஆண்கள் 12 லட்சத்துக்கும் மேல் காணவில்லை. ராணுவத்தில் சேர்ந்தவர்களை ஊர்ப் பதிவிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்கள். எழுத்தர் விதிப்படி வேலை செய்தார், அந்த விதியே படையின் அளவைக் காட்டிக் கொடுத்தது.

2008 கணக்கெடுப்பிலும் இதே சுவடு உண்டு. மொத்த மக்கள்தொகை 2,40,52,231 என்று வெளியிட்டார்கள். மாகாண வாரியான எண்களைக் கூட்டினால் சுமார் 7 லட்சம் குறைகிறது. முகாம்களில் இருக்கும் படையினர் மாகாணக் கணக்கில் வரவில்லை. இதிலிருந்து பழக வேண்டிய வழக்கம் ஒன்றே: அட்டவணை கைக்கு வந்தால் முதலில் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை இடிக்கும் இடத்தில் நின்று தேடுங்கள்.

எண் தவறாக இருப்பதற்கெல்லாம் சூழ்ச்சிதான் காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. மியான்மரில் 1983க்குப் பிறகு 2014 வரை கணக்கெடுப்பே இல்லை. பழைய வளர்ச்சி விகிதத்தை வைத்தே வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு வந்து 6 கோடி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 5 கோடியே 14 லட்சம். போன பசலியின் பதிவை இந்தப் பசலிக்கு எழுதிய அதே வேலை. நம் நாட்டிலும் 2011க்குப் பிறகு 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவில்லை, அந்த இடைவெளியில் எல்லாத் திட்டமும் பழைய எண்ணின் மேல்தான் ஓடியது. சூழ்ச்சி இருக்கும் இடத்தில் சூழ்ச்சி வேறு மாதிரி தெரியும். சோவியத்தின் 1937 கணக்கெடுப்பு 16 கோடியே 20 லட்சம் என்று காட்டியது, ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. பஞ்சத்தில் செத்தவர்கள் அந்தக் குறைவில் இருந்தார்கள். முடிவை மறைத்தார்கள், கணக்கெடுப்பு அதிகாரிகளைக் கைது செய்தார்கள், சிலரைச் சுட்டார்கள். 1939இல் எடுத்த அடுத்த கணக்கில் 17 கோடி வந்தது. முந்தைய எண்ணுக்கு என்ன ஆனது என்று தெரிந்த பிறகு எடுத்த எண்ணை எந்த அளவு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதிகாரி ஏன் ஏற்றி எழுதுகிறார் என்பதற்குச் சீனாவின் 1958 போதும். கம்யூன் என்ற கூட்டுப் பண்ணைகளுக்கு இலக்கு, பக்கத்துக் கம்யூனோடு போட்டி, குறைத்துச் சொன்னவருக்கு வலதுசாரி என்ற பட்டம். அந்த வருஷத் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். பின்னால் திருத்திய கணக்கு 20 கோடி டன். ஏற்றிச் சொன்ன அளவுக்கு ஏற்பத்தான் கொள்முதல் நடந்தது, கிராமத்தில் தின்ன மீதமில்லை. பொய்க் கணக்கு ஆட்களைக் கொன்றது.

வளர்ச்சி எண்ணைச் சரிபார்க்க உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2007இல் லியாவோனிங் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்த லி கச்சியாங், தங்கள் உற்பத்தி எண் மனிதர் செய்தது, தான் பார்ப்பது மின்நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றைத்தான் என்று அமெரிக்கத் தூதரிடம் சொன்னார். அந்தத் தூதரகக் குறிப்பு 2010இல் கசிந்தது. அதே லியாவோனிங், 2011 முதல் 2014 வரை நிதிக் கணக்கை ஊதிப் பெரிதாக்கியதாக 2017இல் தானே ஒப்புக்கொண்டது. மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, ரயில் சரக்குக்கு ரசீது இருக்கிறது. ஏமாற்றினால் நட்டம் வரும் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம்.

வெளிநாட்டு வணிகத்துக்குக் கண்ணாடிக் கணக்கு என்று ஒரு வழி. வட கொரியா எவ்வளவு வாங்கியது என்று சொல்லாவிட்டாலும், எவ்வளவு விற்றோம் என்று சீனச் சுங்கத்துறை சொல்லும். மூன்று பிசகு வரும். வாங்குபவர் கணக்கில் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும், விற்பவர் கணக்கில் சேராது, அதற்குச் சுமார் 10 சதவீதம் கழிப்பது வழக்கம். சில நாட்டுச் சுங்கத்தில் தென் கொரியா என்று போட வேண்டிய இடத்தில் வட கொரியா என்று குறியீடு போட்டுவிடுவார்கள், கார் உதிரிபாகம் திடீரென மலைபோல வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடியே மூடிக்கொள்வதும் உண்டு: 2014 முதல் வட கொரியாவுக்குக் கச்சா எண்ணெய் அனுப்பியதாகச் சீனச் சுங்க எண்ணில் ஒன்றும் வருவதில்லை. பூஜ்யம் என்று எழுதியிருப்பதால் எண்ணெய் போகவில்லை என்று பொருளில்லை.

பத்திரிகை படிப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். 1953 ஜூன் 27 அன்று சோவியத் தலைவர்கள் போல்ஷாய் அரங்கில் இசை நாடகம் பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்த பெயர் வரிசையில் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா இல்லை. முந்தின நாளே அவரைக் கைது செய்திருந்தார்கள், ஊருக்குச் சொன்னது ஜூலை 10. வட கொரியாவில் 2013 டிசம்பரில் கிம் ஜாங் உன்னின் மாமா சாங் சாங் தேக்கைப் பதவியிலிருந்து பிடித்து இழுத்த செய்தி வருவதற்கு முன்பே, பழைய ஆவணப்படம் ஒன்றை அவர் இருந்த காட்சிகளை வெட்டிவிட்டு மறு ஒளிபரப்பு செய்தார்கள். பெயர் வரிசையையும் படத்தையும் பழையதோடு வைத்து ஒப்பிடாமல் இதெல்லாம் கண்ணில் படாது. அதனால் பழைய பிரதியைச் சேமித்து வைப்பதுதான் இந்த வேலையில் பாதி.

தலைவர்களைவிடச் சட்டங்களில் எனக்கு ஆர்வம் அதிகம். தடை என்பது தடுக்கப்பட்ட காரியம் நடக்கிறது என்பதற்கான அரசின் வாக்குமூலம். 2023இல் வட கொரியா பியோங்யாங் பண்பாட்டு மொழிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. தென் கொரிய நாடகங்களில் வருவதுபோலப் பெண்கள் காதலனை ஒப்பா, அதாவது அண்ணா, என்று கூப்பிடக் கூடாது, தோழர் என்றுதான் சொல்ல வேண்டும். முறை சொல்லிக் கூப்பிடுவதில் எவ்வளவு நெருக்கம் ஒளிந்திருக்கிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லைத் தடுக்கச் சட்டம் போடுகிற அளவுக்கு எல்லை தாண்டிய நாடகம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது.

டெண்டர் அறிவிப்பை யாரும் மதிப்பதில்லை, அது பொக்கிஷம். சீனாவின் ஷின்ஜியாங்கில் தடுப்பு முகாமே இல்லை என்று அரசு மறுத்துக்கொண்டிருந்தபோது, காவல் கோபுரம், முள்வேலி, கண்காணிப்புக் கேமரா, சதுர மீட்டர் அளவு எல்லாம் போட்டு உள்ளூர் அலுவலகங்கள் ஒப்பந்தப் புள்ளி கேட்டிருந்தன. 2018இல் ஆய்வாளர்கள் அந்த அறிவிப்புகளைச் சேர்த்து, செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைத் தேடி, கட்டடம் எழும்பியதைத் தேதியோடு காட்டினார்கள். ரகசியத் துறை ஒன்று சொன்னது, கட்டடப் பிரிவு எப்போதும்போல விதிப்படி விளம்பரம் கொடுத்தது. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதது எல்லா ஊருக்கும் பொது.

1992 முதலான செயற்கைக்கோள் இரவு வெளிச்சப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கவனம் வேண்டும்: இருட்டு என்றால் ஆளில்லை என்று பொருளில்லை. வட கொரிய வீடுகளில் சின்ன சூரியத் தகடுகள் பரவிவிட்டன, அதில் எரியும் ஒரு விளக்கு விண்ணிலிருந்து தெரியாது. சந்தை விலை இன்னொரு கருவி. எல்லையோரம் கடத்திய சீன செல்போன் வழியாக அரிசி ஒரு கிலோ விலையும் டாலர், யுவான் மாற்று விலையும் நகரவாரியாக வெளியே வருகின்றன. 2009 நவம்பர் 30 அன்று வட கொரியா தன் நாணயமான வானில் பழைய 100 வான் புதிய 1 வான் என்று மாற்றி, ஒரு குடும்பத்துக்கு முதலில் ஒரு லட்சம் பழைய வான்தான் மாற்றலாம் என்றபோது, மக்கள் சேமிப்பு ஒரே நாளில் போனது. அதன் விளைவை உலகம் தெரிந்துகொண்டது அந்த அரிசி விலை ஏறிய வேகத்தில்தான்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் சறுக்கல் அதிகம். 2016 பிப்ரவரியில் வட கொரியத் தளபதி ரி யோங் கில் கொல்லப்பட்டுவிட்டார் என்று தென் கொரியத் தரப்பிலிருந்து செய்தி வந்தது. மே மாதம் கட்சி மாநாட்டில் புதிய பதவியோடு அவர் பெயர் வந்தது. 2020 ஏப்ரலில் கிம் ஜாங் உன் இறந்தார் என்று உலகமே பேசியது. மே 1 அன்று சுன்சோன் உரத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். இரண்டிலும் பிழை ஒன்றுதான்: காணவில்லை என்பதிலிருந்து செத்துவிட்டார் என்று ஒரே தாவலில் போனது. ஒரே வாயிலிருந்து வந்த செய்தியைப் பத்துப் பத்திரிகை எடுத்துப் போட்டால் பத்து சாட்சி ஆகாது. செய்தியின் முதல் ஆள் யார் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். நாலு வழியும் ஒரே வீட்டு வாசலில் முடிந்தால், கையில் இருப்பது ஒரு சாட்சிதான்.

தப்பி வந்தவர்களின் பேச்சையும் இடம் பார்த்து எடுக்க வேண்டும். தென் கொரியாவுக்கு வந்த சுமார் 34 ஆயிரம் பேரில் பெரும்பாலானோர் சீன எல்லையோரத்து வட ஹம்கியோங், ரியாங்காங் மாகாணத்தார். பெண்கள் பத்துக்கு ஏழு பேர். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்கு உண்மை. அதை பியோங்யாங்குக்குப் பொருத்துவது, அஞ்செட்டி மலைக்கிராமத்தை வைத்து ஓசூர் சிப்காட்டைச் சொல்வது போல ஆகும். எந்த ஊர், எந்த வருஷம் கிளம்பினார், என்ன வேலை பார்த்தார் என்ற மூன்றையும் கேட்காமல் எடுத்த பேட்டி பயன்படாது.

சில நேரம் அரசே விழுந்து அலமாரி திறக்கும். ஸ்மோலென்ஸ்க் கட்சி அலுவலகக் கோப்புகள் 1941இல் ஜெர்மானியர் கைக்கும், போர் முடிந்தபோது அமெரிக்கர் கைக்கும் போயின. சோவியத் மாவட்ட நிர்வாகம் உள்ளே எப்படி ஓடியது என்று வெளியுலகம் முதலில் விரிவாகப் பார்த்தது அதில்தான். குவாத்தமாலாவில் போலீஸ் ஆவணம் என்று ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005 ஜூலையில் தலைநகரத்துக் கட்டடம் ஒன்றில் சுமார் 8 கோடிப் பக்கம் குவிந்து கிடந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1990 ஜனவரி 15 அன்று ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸின் தலைமையகத்துக்குள் மக்கள் நுழைந்தார்கள். இப்போது அந்தக் கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர். கையால் கிழித்துப் போட்டவை சுமார் 16 ஆயிரம் மூட்டை.

அந்தக் கிழக்கு ஜெர்மனியில் உளவுக் கோப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மனுக்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க நிற்கும் வரிசையை நாம் பார்த்திருக்கிறோம்: பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தண்ணீர், பாதைத் தகராறு. அங்கேயும் அப்படி ஒரு வரிசை, தபாலில். 1975 சட்டப்படி நாலு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். வீடு கிடைக்கவில்லை, கூரை ஒழுகுகிறது, காருக்கு உதிரிபாகம் இல்லை என்று எழுதிக் குவித்தார்கள். தேர்தலில் வாய் திறக்க முடியாத ஊரில் கூரையைப் பற்றி வாய் திறக்கலாம். எந்த ஊரில் எந்தக் குறை பெருகியது என்று அரசு எண்ணி வைத்திருந்தது, அந்த எண்ணிக்கைதான் இன்று வரலாற்றாசிரியர்களுக்கு அந்த நாட்டின் நிஜப் படத்தைத் தருகிறது. சீனாவின் கடித, நேரில் வருகை அலுவலகங்களும் இதே வகை. எங்கே மனு இருக்கிறது என்று தேடுங்கள், அங்கே நிர்வாகத்தின் வலி இருக்கும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: மியான்மரில் தொடங்குங்கள், டவுன்ஷிப் அமைப்பு கைக்குப் பழகியது. ஒரு நீள நோட்டில் பக்கத்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். தேதி, அரசு சொன்னது, அதைச் சொன்ன ஆளின் பதவி, அதோடு ஒப்பிடக்கூடிய வேறு கணக்கு, அந்த வேறு கணக்கை எழுதியவருக்கு இதில் என்ன லாபம். ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அது நிரம்பாத வரிகளைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் கிராமத்து அடங்கலில் பத்து சர்வே எண்ணை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, பிறகு நேரில் நடந்து போய்ப் பாருங்கள். மூன்றும் ஒத்துவராத எண்களை முதலில் எழுதுங்கள், பக்கத்தில் ஏன் என்று எழுத இடம் விடுங்கள்.